“ஆயிரம் பேரைக் காப்பாற்றியவர்”: எத்தனை பேரில் ஆயிரம்?

ஒட்டுசுட்டான் வயற்காரன்

அனைவருக்கும் வணக்கம். சில கிழமைகளாக மனத்தில் கிடக்கும் ஒரு விடயத்தை இங்கே வைக்கிறேன். விளக்கம் தெரிந்தவர்கள் பொறுமையோடு பதில் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காலபோக அறுவடை முடியும் தறுவாயில், பொழுது மங்கும் நேரத்தில், வயல் வரம்பில் வைத்து எங்கள் அப்பாவைப் புடையன் பாம்பு கடித்தது. கையில் டோர்ச் இருந்தது, காலில் செருப்பு இருக்கவில்லை. வீட்டுக்குத் தூக்கி வந்தபோது பெரிய மாமா ஒரே பிடியாக நின்றார். பக்கத்து ஊர் நாட்டு வைத்தியரான பரியாரியாரிடம்தான் கொண்டுபோக வேண்டும், அவர் ஆயிரம் பேரைக் காப்பாற்றியவர், அவருடைய கையில் இறந்தவர் என்று ஒருவரைக் காட்டு பார்ப்போம் என்றார். அம்மா அதற்குள் 1990 இலக்கத்துக்கு அழைத்துவிட்டதால் அம்புலன்ஸ் வந்தது. அப்பா வைத்தியசாலைக்குப் போனார், ஐந்தாம் நாள் நடந்து வீடு வந்தார். இருந்தாலும் மாமா இன்றுவரை தன் சொல்லை விடவில்லை. பரியாரியாரிடம் போயிருந்தால் மூன்றாம் நாளே நடந்திருப்பார் என்கிறார்.

அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவர் சொல்வதில் பொய் இல்லை. அந்தப் பரியாரியாரிடம் போய்ப் பிழைத்த பலரை எனக்கே தெரியும். இது முதலாவது கேள்வி.

இரண்டாவது, எதிர்நஞ்சு ஏற்றுவதற்கு முன் அப்பாவுக்குத் தோலின் கீழ் வேறோர் ஊசி போட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, இது ஆய்வில் நிரூபிக்கப்பட்டது, ஆயிரம் பேரில் பார்த்திருக்கிறார்கள் என்று இளம் வைத்தியர் ஒருவர் சொன்னார். மாமாவும் ஆயிரம் என்கிறார், வைத்தியரும் ஆயிரம் என்கிறார். இரண்டு ஆயிரங்களுக்கும் என்ன வேறுபாடு?

கணிதம் கற்பித்தவர், வவுனியா

தம்பி, அப்பா நலமாக வீடு வந்ததை அறிந்து மகிழ்ச்சி. உங்கள் கடைசி வரியில் இருக்கும் கேள்வியை முப்பது ஆண்டு வகுப்பறையில் எந்த மாணவனும் என்னிடம் அவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

ஐந்தாம் வகுப்பிலேயே பின்னம் படித்திருக்கிறோம். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. மாமாவின் ஆயிரத்துக்குத் தொகுதி மட்டுமே உண்டு, பகுதி இல்லை. எத்தனை பேர் வந்ததில் ஆயிரம் பேர் பிழைத்தார்கள்? அது தெரிந்தாலும் இன்னொரு கேள்வி மிஞ்சும்: பரியாரியாரிடம் போகாமலே விட்டிருந்தால் அவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்?

இதற்கு நமது நாட்டிலேயே நல்ல விடை இருக்கிறது. 2012, 2013 ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வீடு வீடாகச் சென்று பாம்புக்கடி பற்றிய ஆய்வு ஒன்று நடந்தது. ஏறத்தாழ 44,000 வீடுகளில் 165,000க்கும் மேற்பட்டோரைப் பற்றி, கடந்த பன்னிரண்டு மாதத்தில் பாம்பு கடித்ததா என்று கேட்டார்கள். அதிலிருந்து கணித்த முடிவு இது: ஆண்டொன்றுக்கு நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 80,000 கடிகள், அவற்றில் நஞ்சு உடலில் ஏறியவை ஏறத்தாழ 30,000, இறப்பு 400க்கு மேல். வைத்தியசாலைப் பதிவேடுகள் காட்டிய தொகையைவிட இது மிகவும் கூடியது, ஏனென்றால் பாம்பு கடித்தவர் எல்லோரும் வைத்தியசாலைக்கு வருவதில்லை.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். எட்டுக் கடிகளை எடுத்தால் அவற்றில் ஐந்தில் நஞ்சு ஏறவே இல்லை. நஞ்சில்லாத பாம்பாக இருந்திருக்கலாம், அல்லது நச்சுப்பாம்பே கடித்தும் நஞ்சைச் செலுத்தாமல் விட்டிருக்கலாம். ஆகவே ஒருவர் வெறும் திருநீற்றைப் பூசி அனுப்பினாலும் எட்டுப் பேரில் ஐந்து பேர் அவருடைய கையால் பிழைத்தவர்களாகவே ஊருக்குத் தோன்றுவார்கள். பரியாரியார் பொய் சொல்கிறார் என்று நான் கூறவில்லை. அவர் கண்ட ஆயிரம் பேரும் உண்மையாகவே பிழைத்தவர்கள். அவர்கள் எதனால் பிழைத்தார்கள் என்பதை மட்டும் அந்த ஆயிரத்தை வைத்து அறிய முடியாது.

இதில் ஒரு தவறான முடிவுக்கும் போய்விடக் கூடாது. ஆயிரம் கடிக்கு ஐந்தாறு பேர்தானே இறக்கிறார்கள், பிறகு ஏன் அவசரம் என்று யாராவது கேட்கக்கூடும். அந்த ஆயிரத்துக்குள் வைத்தியசாலைக்குப் போய் எதிர்நஞ்சு பெற்றுப் பிழைத்தவர்களும் அடக்கம். நஞ்சு ஏறியவர் யார் என்பது கடித்த கணத்தில் யாருக்கும் தெரியாது. ஆகவே அம்மா செய்ததே சரி.

பரந்தன் மூத்தவன்

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கேள்வி. நாட்டின் சனத்தொகை இரண்டு கோடி. அதில் 165,000 பேரைக் கேட்டுவிட்டு முழு நாட்டுக்கும் கணக்குச் சொல்வதை எப்படி நம்புவது? நூறு பேரில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லையே.

கணிதம் கற்பித்தவர், வவுனியா

ஐயா, நம் வீடுகளில் ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானை பெரிதானால் பத்துச் சோறு நசுக்கிப் பார்ப்பதில்லை. கல்யாண வீட்டுக் கிடாரத்துக்கும் அதே அகப்பை, அதே இரண்டு பருக்கை. மாதிரியின் நம்பகத்தை முதலில் தீர்மானிப்பது அந்த மாதிரியின் பருமன்தான். முழுத்தொகையில் அது எத்தனை வீதம் என்பது பெரிதாகப் பொருட்டாவதில்லை.

இருந்தாலும் சமைக்கத் தெரிந்த எவரும் பழமொழி சொல்லாமல் விட்ட ஒன்றை அறிவார். மேலே இருக்கும் சோறு வேகாமல் இருக்கும்போது அடியில் இருப்பது பிடித்திருக்கும். கிளறாத பானையில் ஒரு சோறு பதம் சொல்லாது. ஆய்வில் அந்தக் கிளறுதலைத்தான் எழுமாற்றுத் தெரிவு என்கிறோம். வீதியோர வீடுகளை மட்டும் கேட்டால், அல்லது வைத்தியசாலையில் வரிசையில் நிற்பவர்களை மட்டும் கேட்டால், அது மேற்சோறு. குளத்துக்குப் பின்னால், யானை வேலிக்கு அருகில் குடியிருப்பவரும் தெரிவு செய்யப்படுவதற்கு மற்றவர்களைப் போலவே வாய்ப்புப் பெற்றிருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு போன ஆய்வு பதிவேட்டு ஆய்வைவிடக் கூடிய தொகையைக் கண்டதற்கு இதுவே காரணம்.

தாதிய உத்தியோகத்தர், மாங்குளம்

வயற்காரத் தம்பியின் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அது என் கையோடு தொடர்புடையது.

பாம்புக்கடிக்கு நாம் பயன்படுத்தும் எதிர்நஞ்சு குதிரையின் குருதியிலிருந்து பெறப்படுவது. உயிரைக் காக்கும் அதே மருந்து பலருக்குக் கடுமையான ஒவ்வாமையையும் உண்டாக்கும்: உடல் நடுங்கும், தடிப்புக் கிளம்பும், மூச்சிழுக்கும், குருதி அமுக்கம் சடுதியாக இறங்கும். அதைத் தடுப்பதற்கென்று முன்கூட்டியே மருந்து கொடுக்கும் வழக்கம் நீண்ட காலமாக இருந்தது. ஹைட்ரோகோட்டிசோன் கொடுத்தார்கள், புரோமெதசின் கொடுத்தார்கள், அட்ரினலின் கொடுத்தார்கள், சில இடங்களில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எது உண்மையில் தடுக்கிறது என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பயிற்சிக் காலத்தில் முதல் இரண்டையும் முழு நம்பிக்கையோடு நானே ஏற்றியிருக்கிறேன். ஏற்றியபின் ஒருவருக்கு நடுக்கம் வராவிட்டால் மருந்து வேலை செய்தது என்று நினைப்போம், வந்துவிட்டால் மருந்து இல்லாதிருந்தால் இன்னும் கடுமையாக வந்திருக்கும் என்று நினைப்போம். இரண்டு வழியிலும் மருந்து வெல்லும்.

இலங்கை வைத்தியசாலைகளில் 1,007 நோயாளர்களைச் சேர்த்து இதைச் சோதித்தார்கள். முடிவுகள் 2011இல் வெளியாகின. யாருக்கு எந்த மருந்து, யாருக்கு மருந்தற்ற ஊசி என்பது எழுமாறாகத் தீர்மானிக்கப்பட்டது. நோயாளருக்கும் தெரியாது, அவரைக் கவனித்துப் பதிவு செய்தவருக்கும் தெரியாது. நான் மேலே சொன்ன மனக்கோணல் எவ்வளவு நேர்மையானவரிடத்திலும் இருக்கும் என்பதால்தான் இருதரப்புக்கும் மறைக்கிறார்கள்.

நால்வரில் மூவருக்கு ஏதோ ஓர் அளவில் ஒவ்வாமை வந்தது. சிறிய அளவு அட்ரினலின் பெற்றவர்களிடையே கடுமையான ஒவ்வாமை முதல் ஒரு மணித்தியாலத்தில் 43 சதவீதத்தாலும், 48 மணித்தியாலம் வரை பார்த்தபோது 38 சதவீதத்தாலும் குறைந்திருந்தது. மற்ற இரண்டு மருந்துகளாலும் பயன் காணப்படவில்லை. ஹைட்ரோகோட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினின் நன்மையும் இல்லாமற் போனது.

இதை முதன்முதலில் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. நான் கொடுத்த ஊசிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அனுபவம் எனக்குக் குறைவாக இருக்கவில்லை. ஒரு வாட்டில் ஒரு தாதி காண்பது ஒரு வழிப் பாதையை மட்டுமே: மருந்து கொடுத்தபின் நடந்தது. கொடுக்காதிருந்தால் அதே ஆளுக்கு என்ன நடந்திருக்கும் என்பதை எந்தக் கண்ணாலும் காண முடியாது. அந்தக் காண முடியாத பாதிக்குப் பதிலாகத்தான் ஒப்பீட்டுக் குழுவை வைக்கிறார்கள்.

அப்பாவுக்குத் தோலின் கீழ் போட்டது அந்த அட்ரினலினாகவே இருந்திருக்கும், தம்பி. அவரில் யாரும் பரீட்சித்துப் பார்க்கவில்லை. முன்பு 1,007 பேரிடம் கற்றது அவருக்குக் கிடைத்தது.

பரந்தன் மூத்தவன்

தாதி மகளின் பதிவை இரண்டு முறை படித்தேன். இருந்தும் மனம் ஒப்பவில்லை. நோயோடு வந்தவருக்கு எந்த மருந்து என்பதைத் திருவுளச்சீட்டு எடுப்பதுபோல் தீர்மானிப்பதா? சிலருக்கு வெறும் தண்ணீர் ஊசியா? மனிதர் நெற்பாத்திகளா?

இதை எழுதுபவன் எதைக் கடந்து வந்தவன் என்பதையும் சொல்ல வேண்டும். போர் முடிந்த 2009இல் எங்களை வரிசையில் நிறுத்தி எண்ணினார்கள். செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்கும் இலக்கம், எங்களுக்கும் இலக்கம். அதற்கு முன் எங்களை எண்ணாமலே விட்ட காலமும் உண்டு. 2001 குடிசன மதிப்பீடு எங்கள் ஊருக்கு வரவில்லை. எண்ணாக மட்டும் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று அறிந்தவர்களிடம் போய் எண்களை நம்புங்கள் என்பது இலகுவானதல்ல.

விவசாயபீட மாணவி, அறிவியல் நகர்

ஐயா, உங்கள் இரண்டாவது பந்திக்குப் பதில் சொல்லும் வயது எனக்கில்லை. முதலாவது பந்தியில் நீங்கள் கேட்ட நெற்பாத்தியைப் பற்றி மட்டும் எழுத அனுமதி தாருங்கள், ஏனென்றால் இந்த முறை உண்மையிலேயே பாத்தியிலிருந்துதான் வந்தது.

ரொனால்ட் பிஷர் என்ற புள்ளியியலாளர் 1919இல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் பணிக்குச் சேர்ந்தார். அங்கே பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருந்த பசளைப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்தபோது, வயலின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் இடையில் மண்வளமே பெரிதும் மாறுகிறது என்பது அவருக்கு முக்கியமாகப்பட்டது. இதை நம்மூரில் விளக்கத் தேவையில்லை. இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் தலைப்பில் இருக்கும் காணியும் கடைசியில் இருக்கும் காணியும் ஒரே விளைச்சல் தருமா? தலைப்புக் காணியில் புதிய நெல்லையும் கடைசிக் காணியில் பழைய மொட்டைக்கறுப்பன் நெல்லையும் விதைத்துவிட்டுப் புதிய நெல்தான் சிறந்தது என்று ஒருவர் சொன்னால் எந்தக் கமக்காரர் ஏற்றுக்கொள்வார்?

சென்ற போகத்தில் எங்கள் வகுப்புப் பரிசோதனைக்கு நான்கு இனங்களை நட்டோம். நான் பாத்திகளைப் பார்த்து, நீர் தேங்கும் பள்ளப் பாத்தியில் எதை வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது விரிவுரையாளர் தடுத்தார். தொப்பிக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு எடுக்கச் சொன்னார். எனக்கு விருப்பமான இனம் நல்ல பாத்திக்குப் போய்விடுமோ என்பது அவருடைய முதல் கவலை. எனக்கே தெரியாத வேறுபாடுகளும் அந்த நிலத்தில் இருக்கும் என்பது இரண்டாவது. சீட்டு எடுத்தால், தெரிந்த வேறுபாடும் தெரியாத வேறுபாடும் எல்லா இனங்களுக்கும் பாரபட்சமின்றிப் பரவும். பிறகு மிஞ்சும் விளைச்சல் வித்தியாசம் தற்செயலால் வரக்கூடியதா என்று கணக்கிட முடியும்.

நோயாளர் விடயத்தில் இது இன்னும் கூர்மையானது. தேறக்கூடியவர் என்று தோன்றுபவருக்குப் புதிய மருந்தைக் கொடுக்க வைத்தியரின் கை தானாகவே போகும், அல்லது இரக்கத்தால் மிகவும் நலிந்தவருக்குக் கொடுக்கப் போகும். எந்தப் பக்கம் போனாலும் ஒப்பீடு கெட்டுவிடும்.

பிரித்தானியாவில் காசநோய்க்கு ஸ்ரெப்ரோமைசினைச் சோதித்த ஆய்வு 1948இல் வெளியானது. அதை வடிவமைத்தவர் ஒஸ்ரின் பிரட்போர்ட் ஹில். போர் முடிந்த காலம், அந்த மருந்து எல்லோருக்கும் போதுமான அளவில் இல்லை. யாருக்குக் கொடுப்பது என்று ஆளைப் பார்த்துத் தீர்மானிப்பதைவிட, மூடிய உறைக்குள் இருக்கும் சீட்டுத் தீர்மானிப்பது நியாயமானது என்று கருதினார்கள். 107 பேர் சேர்க்கப்பட்டனர். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், அக்காலத்து வழக்கமான படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர்.

இதன் பின்பகுதியை நான் பெரிதாக மதிக்கிறேன். தொடர்ந்து கவனித்தபோது கிருமிகள் அந்த மருந்துக்குத் தாக்குப்பிடிக்கப் பழகியதும், ஐந்தாண்டு முடிவில் இரு குழுவுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் பெரிதும் சுருங்கியதும் தெரியவந்தது. ஒரே மருந்தைத் தனியாகக் கொடுக்கக் கூடாது என்ற அறிவு அப்படித்தான் உறுதிப்பட்டது. இன்றைக்கும் காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது அதனாலேயே. ஆறு மாதத்தோடு எண்ணுவதை நிறுத்தியிருந்தால் வெற்றி விழா கொண்டாடியிருப்பார்கள்.

தாதிய உத்தியோகத்தர், மாங்குளம்

ஐயா, ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த 1,007 பேரில் எதிர்நஞ்சு மறுக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் எதிர்நஞ்சு ஏற்றப்பட்டது. சீட்டு எடுத்தது ஒவ்வாமையைத் தடுக்கும் ஊசிக்கு மட்டுமே, அதுவும் எது நல்லது என்று வைத்தியர்களுக்கே தெரியாதிருந்த நிலையில். ஒரு மருந்து நல்லதென்று ஏற்கெனவே தெரிந்திருந்தும் சீட்டு எடுத்துச் சிலருக்கு அதைத் தராமல் விட்டால் அது அநியாயம். அப்படியொரு ஆய்வை ஒழுக்கநெறிக் குழு அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. சம்மதம் கேட்கப்படாமலும் ஒருவரைச் சேர்க்க முடியாது.

பரந்தன் மூத்தவன்

எல்லோருக்கும் எதிர்நஞ்சு கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிக் கோபம் வந்திருக்காது, மகளே. விவசாயபீடத்துப் பிள்ளையின் பள்ளப் பாத்தியும் விளங்கியது. நான் ஐம்பது ஆண்டு கமம் செய்தவன், கடைசிக் காணிக்காரன்.

இப்போது என் சொந்த விடயம். எங்கள் பகுதியில் சிறுநீரக நோய்க்குப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். சிறுநீரில் ஒரு பட்டையைத் தோய்த்தார்கள். நிறம் மாறியது. அல்புமின் என்ற புரதம் இருக்கிறது, கிளினிக்குக்கு வாருங்கள் என்று துண்டு தந்தார்கள். அன்றிரவு நான் தூங்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்குக் காணியை எழுதிவைப்பது பற்றி யோசித்தேன். ஒரு மாதம் கழித்துக் குருதியில் கிரியற்றினின் என்ற கழிவுப்பொருளின் அளவைப் பார்த்தார்கள், சிறுநீரையும் திரும்பப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். அந்த ஒரு மாதத்துக்கு யார் பொறுப்பு? பட்டை பொய் சொன்னதா?

கணிதம் கற்பித்தவர், வவுனியா

பட்டை பொய் சொல்லவில்லை ஐயா. துண்டைத் தந்தவர் உங்களிடம் இரண்டு வசனம் கூடுதலாகப் பேசியிருக்க வேண்டும். அந்தக் குறை எனக்கும் வருத்தம் தருகிறது.

பாடசாலை மண்டபத்துக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள் என்று எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, அவர்களில் உண்மையாகவே நோயுள்ளவர் 20 பேர் என்றும், பட்டை நோயுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிடிக்கும் என்றும், நோயற்ற பத்துப் பேரில் ஒருவருக்குத் தவறாக நிறம் மாறும் என்றும் வைத்துக்கொள்வோம். நல்ல பட்டைதான். இப்போது எண்ணுங்கள். 20 பேரில் 18 பேருக்கு நிறம் மாறும். நோயற்ற 980 பேரில் 98 பேருக்கும் நிறம் மாறும். துண்டு பெற்றவர் 116 பேர், அவர்களில் நோயுள்ளவர் 18 பேர், அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். மற்ற ஐந்து பேரும் உங்களைப்போல் ஒரு மாதம் தூங்காமல் கிடப்பார்கள்.

பட்டை நோயாளரை எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது என்பது ஒரு கேள்வி. நிறம் மாறியவர் நோயாளராக இருப்பதற்கான நிகழ்தகவு வேறு கேள்வி. நோய் அரிதாக இருக்கும் இடத்தில் இரண்டுக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். படித்தவர்களும் வைத்தியர்களும்கூட இங்கே தடுமாறுவார்கள். கடும் வெயிலில் வேலை செய்துவிட்டு வந்தாலும் காய்ச்சல் இருந்தாலும் சிறுநீரில் அல்புமின் தற்காலிகமாகக் கூடலாம். ஆகவேதான் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்வதற்குப் பாதிப்பு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும் என்பது விதி.

முகாம் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அந்த 18 பேரும் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்கள்.

ஒட்டுசுட்டான் வயற்காரன்

சிறுநீரக நோயைப் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். எங்கள் ஊரில் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு விரல் தடிப்புக்கு ஏறும். இந்தச் சுண்ணாம்புத் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். களைநாசினி என்கிறார்கள். கட்மியம் என்ற உலோகம் என்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு புள்ளிவிபரம் காட்டுகிறார்கள். ஒரே நோய்க்கு இத்தனை புள்ளிவிபரம் எப்படி வரும்?

கணிதம் கற்பித்தவர், வவுனியா

தொண்ணூறுகளில் மதவாச்சி, பதவியா பக்கங்களில் முதலில் கவனிக்கப்பட்ட நோய் இது. நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ இல்லாத கமக்காரர்களின் சிறுநீரகம் படிப்படியாகச் செயலிழந்தது. மதவாச்சி எங்கள் வவுனியாவிலிருந்து பக்கத்துப் பேருந்துத் தரிப்பு மாதிரி, ஆகவே இது எங்களுக்கும் அயல் நோயன்று. உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் சேர்ந்து அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் நடத்திய ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. வயது வேறுபாட்டைச் சமப்படுத்திப் பார்த்தபோது ஆண்களில் 12.9 சதவீதமும் பெண்களில் 16.9 சதவீதமும் பாதிக்கப்பட்டிருந்தனர். ஆனால் முற்றிய நிலையில் இருந்தவர்களிடையே ஆண்களே அதிகம். முதல் எண்ணை மட்டும் படித்தவர் இது பெண்களின் நோய் என்பார், கிளினிக் வாசலில் நிற்பவர் ஆண்களின் நோய் என்பார்.

காரணத்துக்கு வருவோம். சுண்ணாம்புத் தண்ணீர் குடிக்கும் ஊரில் நோய் கூட என்றால் அது ஒரு தொடர்பு. ஆனால் அதே ஊரில்தான் வயல் வேலை, கொளுத்தும் வெயில், களைநாசினி, வறுமை, நெடுநேரம் தண்ணீர் குடிக்காத உழைப்பு எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. கமக்காரர் ஒருவரே இவை அனைத்தையும் சுமக்கிறார். எந்த ஒன்றை எடுத்து அளந்தாலும் மற்றவை அதனோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே ஒவ்வோர் ஆய்வாளரும் தாம் அளந்ததில் ஒரு தொடர்பைக் காண்கிறார். மத்திய அமெரிக்காவில் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையே இதை ஒத்த நோய் இருக்கிறது, அங்கே வெப்ப அழுத்தத்தைப் பெரிதாகப் பேசுகிறார்கள்.

நமது நாட்டில் 2015இல் கிளைபோசேற் என்ற களைநாசினியைத் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். அந்தக் களைநாசினி நல்லது என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் பல ஆண்டுகளாக மெல்ல வளரும் நோய்க்கான காரணத்தை உறுதிப்படுத்தாத நிலையில் ஒரு தடையைக் கொண்டுவந்தால், பிறகு நோய் குறைந்தாலும் கூடினாலும் அதிலிருந்து எதையும் கற்க முடியாது.

தொடர்பு எல்லாம் வீண் என்றும் எண்ண வேண்டாம். சிகரெட்டும் நுரையீரல் புற்றுநோயும் முதலில் வெறும் தொடர்பாகவே 1950இல் காட்டப்பட்டன. மேலே தங்கை குறிப்பிட்ட அதே ஹில், ரிச்சட் டொல் என்பவரோடு சேர்ந்து செய்த ஆய்வு அது. பிறகு 1951 தொடக்கம் பிரித்தானிய வைத்தியர்கள் ஏறத்தாழ 40,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அதிகம் புகைத்தவர் அதிகம் இறந்தார், விட்டவருக்கு ஆபத்துக் குறைந்தது, வேறு நாடுகளிலும் அதுவே தெரிந்தது. யாரையும் சீட்டெடுத்துப் புகைக்கச் சொல்லாமலே காரணம் நிலைநாட்டப்பட்டது. சிறுநீரக நோய்க்கு அந்த நீண்ட பின்தொடர்தல்தான் வேண்டும்.

விவசாயபீட மாணவி, அறிவியல் நகர்

ஒரு சிறு குறிப்பு. கிணற்று நீரில் இருபது பொருட்களை அளந்து ஒவ்வொன்றையும் நோயோடு ஒப்பிட்டுப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். பீ பெறுமானம் 0.05க்குக் குறைந்தால் முக்கியம் என்பது வழக்கம், அதாவது உண்மையில் தொடர்பே இல்லாதபோதும் இருபது தடவையில் ஒரு தடவை தற்செயலாக அப்படித் தோன்றும். இருபதில் ஒன்றும் நோயோடு தொடர்பில்லாததாக இருந்தாலும், ஒன்றோடொன்று சாராதவையானால், ஏதாவது ஒன்று முக்கியமானதுபோல் காட்டுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 64 சதவீதம். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு மற்றப் பத்தொன்பதைச் சொல்லாமல் விட்டால், வாசிப்பவருக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரியும்.

பரந்தன் மூத்தவன்

மாமாவின் பரியாரியார் செய்வதும் அதுதானே, பிள்ளை. பிழைத்தவரை மட்டும் சொல்வது.

கணிதம் கற்பித்தவர், வவுனியா

ஐயா ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். அவர் முன்பு எழுதிய குடிசன மதிப்பீட்டு விடயத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

எங்களை எண்ணாமல் விட்டதன் நட்டம் இன்றைக்கும் தொடர்கிறது. 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. கிளிநொச்சி தனி மாவட்டமானதே 1984இல். 2012இல் அங்கே ஏறத்தாழ 113,000 பேர் எண்ணப்பட்டார்கள். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் வன்னியில் எந்த நோய் எத்தனை பேருக்கு ஒருவரைத் தாக்கியது என்று கேட்டால், நோயாளரை எண்ணிய பதிவேடு எங்காவது தப்பியிருந்தாலும், அதை வகுப்பதற்கான கீழ் எண் இல்லை. ஓர் ஆண்டில் 60 இறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 90,000 பேரில் அது இலட்சத்துக்கு 67, 140,000 பேரில் இலட்சத்துக்கு 43. இடம்பெயர்வில் ஒரே ஆண்டுக்குள் ஒரு பிரதேசத்தின் தொகை அந்த அளவுக்கு மாறியதை நாம் கண்டோம்.

எண்ணாகப் பார்க்கப்பட்ட வேதனை உண்மையானது. எண்ணப்படாமல் போனவருடைய நோய்க்குக் கிளினிக்கும் வராது, மருந்தும் ஒதுக்கப்படாது என்பதும் நாம் பட்டறிந்ததே.

ஒட்டுசுட்டான் வயற்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று நடந்ததைச் சொல்லி இந்த இழைக்கு என் பங்கை முடிக்கிறேன்.

மாமாவையும் கூட்டிக்கொண்டு பரியாரியாரின் வீட்டுக்குப் போனேன். எண்பது வயதை அண்மித்தவர். சண்டை பிடிக்கப் போகவில்லை, கேட்கப் போனேன். ஆயிரம் பேர் என்கிறார்களே ஐயா, எழுதி வைத்திருக்கிறீர்களா என்றேன். சாமி அறைக்குள் போய் மூன்று கொப்பிகளைக் கொண்டுவந்தார். மஞ்சள் பூசிய அட்டை, உள்ளே அழகான கையெழுத்து. பெயர், ஊர், கடித்த பாம்பு, கொடுத்த மூலிகை, திகதி. இந்தத் திகதி கடிபட்ட நாளா என்று கேட்டேன். இல்லைத் தம்பி, சுகமானபின் வெற்றிலை பாக்கோடு வந்து கும்பிட்டுப் போவார்கள், அந்த நாளில் பெயரை எழுதுவேன் என்றார்.

நானும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெற்றிலையோடு வராதவர்கள்? அவர் நெடுநேரம் பேசவில்லை. முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களை நான் தேடிப்போய்க் கேட்டதில்லை என்றார். அவருடைய குரலில் தற்காப்பு இருக்கவில்லை, அதை நான் மறக்கமாட்டேன்.

புதிய கொப்பி ஒன்றை வாங்கிப் போயிருந்தேன். வந்த ஒவ்வொருவரையும் வந்த கணத்திலேயே எழுதுவதாகவும், எழுதியவுடன் 1990க்கு அழைத்து அனுப்பிவிடுவதாகவும், ஒரு மாதம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று நானே போய்க் கேட்டு எழுதுவதாகவும் பேசி முடித்தோம். மாமா அடிமட்டம் வைத்துக் கோடு கீறினார். தாதி அக்காவிடம் ஒரு கேள்வி: நேரத்துக்கு ஒரு நிரல்தான் விட்டிருக்கிறோம். கடித்த நேரத்தை எழுதுவதா, பரியாரியாரிடம் வந்த நேரத்தை எழுதுவதா?

தாதிய உத்தியோகத்தர், மாங்குளம்

இரண்டையும் எழுதுங்கள் தம்பி. அம்புலன்ஸ் வந்த நேரத்துக்கும் ஒரு நிரல் விடுங்கள். கடிபட்டவரை அனுப்பும்போது அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து அவரோடு வருபவரிடம் கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு வாட்டில் மிகவும் உதவியாக இருக்கும்.